குடிசை வாசலில் பீரங்கி

எங்கள் வீட்டுக்கு டிவி வந்ததே நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான். வீடியோ கேம் என்பதெல்லாம் வேறு யாருடைய பிள்ளைகளோ ஆடுவது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக ஒன்றை ஆடினேன்.

திண்டிவனத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் உண்மை அறியும் குழுவோடு ஒரு கிராமத்தில் சுற்றிவிட்டு வந்த களைப்பு. அறிக்கை எழுத வேண்டும், ஆனால் லேப்டாப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் அக்கா மகன், யாரிடமோ பழசாக வாங்கிய பிளேஸ்டேஷன் 3-ஐ டிவியில் மாட்டி கன்ட்ரோலரை என் கையில் திணித்தான்.

"ஈஸிதான் சித்தி. வர்றவங்க வழியில டவர் வைக்கணும், அவ்வளவுதான்."

இந்த வகை ஆட்டத்துக்கு டவர் டிஃபென்ஸ் என்று பெயராம். ஒரு பாதை இருக்கும். அதில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்து வருவார்கள். பாதை ஓரத்தில் கோபுரங்கள் கட்டி, அவர்கள் நம் இடத்துக்கு வந்து சேரும் முன் வீழ்த்த வேண்டும். அவன் விளக்கியதுமே எனக்கு ஒட்டவில்லை. பாதையில் நடந்து வருகிறவனைத் தடுப்பதுதான் விளையாட்டு என்றால், நாம் எப்போதும் நடந்து வந்த பக்கம்தானே? 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத்தானே போராட்டம் நடந்தது. உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே வரை ஆனது. சுவர் கட்டுகிறவன் பக்கம் உட்கார்ந்து ஆட எனக்கென்ன தலையெழுத்து என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அதற்குள் திரையில் ஒரு குடிசை வந்துவிட்டது. வாசலில் இருபது குழந்தைகள்.

ஆட்டத்தின் பெயர் பிக்சல்ஜங்க் மான்ஸ்டர்ஸ். கியோட்டோவில் உள்ள க்யூ-கேம்ஸ் நிறுவனம் செய்தது. முகமூடி போட்ட பழங்குடித் தலைவன் ஒருவன்தான் நாம். காட்டு வழியே வரும் பூதங்களில் ஒன்று குடிசையைத் தொட்டால் ஒரு குழந்தை போய்விடும். இருபதும் போனால் ஆட்டம் முடிந்தது. பழங்குடி என்றாலே ஒரு முகமூடி, ஒரு நடனம் என்று எல்லா நாட்டிலும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். ஜப்பானின் புராக்கு மக்கள் தங்கள் மீதான தீண்டாமைக்கு எதிராக 1922 மார்ச் 3-ல் சுய்ஹெய்ஷா இயக்கத்தைத் தொடங்கியதும் அதே கியோட்டோவில்தான். அந்தக் கதையை யாராவது ஒரு ஆட்டமாகச் செய்தால் நான் காசு கொடுத்தே வாங்குவேன்.

இருந்தாலும் குடிசையில் குழந்தைகள் என்றதும் கை தானாக கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தது. வெண்மணியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மரத்தின் பக்கத்தில் போய் நின்று பட்டனை அழுத்தினால் அந்த மரம் கோபுரமாகிறது. அம்பு விடுவது, பீரங்கி, வானத்தில் பறப்பதை மட்டும் அடிப்பது என்று வகைகள். பூதம் விழுந்தால் காசு சிதறும், நாமே ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். தாமதித்தால் காசு மறைந்துவிடும். காசுக்கு ஓடினால் குடிசைப் பக்கம் கவனம் போய்விடும். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகவே பழக்கம்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஆடினேன். இருந்த காசுக்கெல்லாம் பீரங்கி வாங்கி குடிசையைச் சுற்றி நிறுத்தினேன். முதல் கூட்டம் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அடுத்து வந்தவை பறந்து வந்தன. பீரங்கி தரையில் நடப்பதைத்தான் அடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் முன்னாலேயே ஐந்து குழந்தைகள் போயின. பதறிப்போய்க் காசு தேடி ஓடினேன். அதற்குள் இன்னும் நான்கு.

"என்ன சித்தி, எல்லாத்தையும் வாசல்லயே வைக்கிறீங்க? கிட்ட வந்தப்புறம் அடிக்க நேரமே இருக்காது. தூரத்துல, முதல் திருப்பத்துல வைங்க. நடந்து வர்ற நேரம் பூரா அடி விழும்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அதற்கப்புறம் ஆட்டத்தில் கவனம் நிற்கவில்லை.

மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தேன் என்றேனே, அந்த ஊரிலிருந்து எட்டு மாதம் முன்பு நான்கு பேர் எங்களைத் தேடி வந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அடைத்து வேலி போட்டிருக்கிறார்கள், கேட்டால் வீடு புகுந்து அடிப்போம் என்கிறார்கள் என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தது நான். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அதன் பிறகு அந்த ஊருக்கு நான் போகவில்லை. வேறு ஊர், வேறு வழக்கு. இப்போது பதினோரு வீடு உடைந்த பிறகு போய், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு "எத்தனை மணிக்கு வந்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நால்வரில் ஒருவர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மனுவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது, அதன் விதிகள் 1995-ல். நம் பயிற்சி வகுப்புகளில் எதைச் சொல்லித் தருகிறோம்? முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட வேண்டும், டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகை எவ்வளவு. எல்லாமே அடி விழுந்த பிறகு. அதே விதிகளில் விதி 3 என்று ஒன்று இருக்கிறது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும், ஆட்சியரும் எஸ்.பி.யும் அங்கே போய் நிலைமையைப் பார்க்க உத்தரவிட வேண்டும், தேவைப்பட்டால் மற்றவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்கிறது. விதி 17-ன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எங்கள் மனுவை அந்தக் குழுவின் முன் வைக்க எட்டு மாதத்தில் இரண்டு கூட்டமாவது இருந்திருக்க வேண்டும். கூட்டம் நடந்ததா என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. அரசைத் திட்டி நான் எழுதிய பதிவுகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. இந்த விஷயத்தில் என் பங்கும் இருக்கிறது.

ஆட்டத்தை வாழ்க்கையோடு ரொம்பவும் பொருத்த முடியாது. பூதங்களுக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது. யார் அனுப்பினார்கள் என்று கேட்க அங்கே ஒரு பட்டனும் இல்லை. நம் ஊரில் கல்லெறிந்தவன் மறுநாள் அதே டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பான். அவனைச் சுட்டு முடித்து அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். அவனோடுதான் நாளைக்கும் வாழ வேண்டும்.

அன்று இரவு மறுபடி ஆடினோம், இருவரும் சேர்ந்து. இருவர் சேர்ந்து ஆடவும் அதில் வழி இருக்கிறது. அவன் காசு பொறுக்க, நான் தூரத்துத் திருப்பத்தில் அம்புக் கோபுரம் வைத்தேன். அம்பு தரையையும் அடிக்கும், வானத்தையும் அடிக்கும். மூன்று குழந்தைகள் போயின. ஒன்றுகூடப் போகக் கூடாதாம், போனால் வானவில் கிடைக்காதாம். அவனுக்கு வருத்தம். பதினேழு பிழைத்ததே என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பழைய மனுக்களின் கோப்பைப் பிரித்தேன். கடந்த இரண்டு வருடத்தில் "மிரட்டுகிறார்கள்" என்று வந்து, இன்னும் எதுவும் நடக்காத ஊர்கள் பதினான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரில் போக வேண்டும். கண்காணிப்புக் குழு எப்போது கூடியது, என்ன பேசியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் ஆளுக்கு இரண்டு ஊர் எடுத்துக்கொள்ள ஏழு பேர் தேவை. பைக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டவுன் பஸ் நேரத்தை நான் சொல்கிறேன்.