கையால் சுற்றிய ஸ்பிரிங்

என் தங்கை மகன் "ஸ்போர்ட்ஸ் கார்" என்று சொல்லிக்கொண்டு போன வருடம் பெங்களூரிலிருந்து ஒரு வண்டியை ஓட்டி வந்தான். பார்த்தால் நம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, கூரை கழற்றியது, தரையோடு தரையாக இறக்கியது. என் வயதுக்காரர்களுக்கு ஹெரால்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1961 முதல் சென்னையில் செய்த வண்டி. அம்பாசடர், பியட், ஹெரால்டு, இந்த மூன்றை விட்டால் அன்றைக்கு ரோட்டில் வேறு எதை அதிகம் பார்த்தோம்?

"இது எப்படிடா ஸ்போர்ட்ஸ் கார்?" என்றேன்.

"இதே சேஸிஸைக் குறுக்கித்தான் மாமா 1962-ல இங்கிலாந்துல டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் பண்ணாங்க. சோழவரத்துல ஹெரால்டு ரேஸ் ஓடினது உங்களுக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் ஹெரால்டு 1959-ல் வந்தபோது அதன் கூரையே போல்ட் போட்டு முடுக்கியதுதான். கழற்றினால் திறந்த கார். ஆகவே கூரை விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. என்னை உறுத்தியது சத்தம். எங்கள் தெரு முனையில் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'லொடக்' என்று ஒன்று கேட்கும். சமதரையில் ஒன்றுமில்லை.

வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் விதி வைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த அகலத்தில் நாலு தடை போட்டுவிடுவார்கள். அது வேறு கதை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் தங்கை கிரிவலம் போகிறவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரை இனிமேல் இதில்தான் அம்மாவைக் கொண்டுபோய் விடுவேன் என்று பையன் சொன்னதும், எனக்கு அந்த 'லொடக்' ராத்திரியெல்லாம் கேட்டது. மறுநாள் காலையில் அவனையும் வண்டியையும் மேஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போனேன். அம்பாசடர் காலத்து மனிதர், என்னைவிட இரண்டு வயது சிறியவர்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழ்ந்துவிடும். சக்கரம், ஸ்பிரிங், ஷாக் அப்சர்வர் அத்தனையும் கண் முன்னால் நிற்கும். மேஸ்திரி சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டார். பிறகு ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினார். பம்பரம் மாதிரி சுற்றியது.

"பாருங்க சார், கையால சுத்துது. இது சுத்தவே கூடாது."

நடந்தது இதுதான். முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ, வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கைச் சுருள் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். வண்டி தரையில் நிற்கும்போது பாரம் அழுத்துவதால் ஸ்பிரிங் இறுகி உட்கார்ந்திருக்கும், குறை தெரியாது. வேகத்தடை தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும்போது ஷாக் அப்சர்வர் தன் பழைய நீளத்துக்கு நீளும். ஸ்பிரிங் அவ்வளவு நீளமில்லை. அந்த ஒரு கணம் அது எதையும் தாங்காமல் இடையில் ஆடும். அடுத்த கணம் வண்டியின் பாரம் மொத்தமும் அதன் மேல் 'லொடக்' என்று வந்து விழும். சில கார்களில் ஸ்பிரிங் ஷாக் அப்சர்வரைச் சுற்றாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் இடம் விட்டு வெளியே வந்துவிடவும் கூடும்.

இன்னொன்று. எட்டுச் சுருளில் இரண்டை வெட்டினால் மிச்சம் உள்ளது இளகாது, மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். புதுச்சேரியில் எங்கள் பிசிக் வாத்தியார் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்த கணக்கு, இத்தனை வருடம் கழித்துப் பட்டறையில் வந்து நின்றது.

வெட்டிய முனை தட்டையாக இல்லை, கூராக இருந்தது. ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் கிண்ணத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருந்தது. மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டினார். மயிரிழை விரிசல். கிண்ணம் விட்டுப்போனால் வண்டி அந்தப் பக்கம் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும். செஞ்சி ரோட்டில், எதிரே லாரி வரும்போது. பையன் அதன் பிறகு பேசவில்லை.

"கம்பி போட்டுக் கட்டிடலாமா?" என்று கேட்டான் கடைசியில்.

"அப்படிக் கட்டறவங்க இருக்காங்க தம்பி. நான் கட்ட மாட்டேன்."

பின்பக்கத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே சுருள் கிடையாது, குறுக்கே போட்ட கமான் பட்டை. நடுவில் டிஃபரன்ஷியலோடும் இரண்டு முனையில் சக்கரங்களோடும் போல்ட் போட்டு மாட்டியது, தளர்ந்து ஆட இடமில்லை. கமான் என்றால் வில். நம் வில்வண்டியின் வில்லும் இதுதான். பிரெஞ்சில் இந்தப் பட்டைக்கு 'லாம்' என்று பேர். கத்தியின் அலகுக்கும் அதே சொல். லாரியின் பழைய பட்டையில்தானே நம் கொல்லர்கள் அரிவாள் அடிக்கிறார்கள்!

பையனுக்கு ஒரு நியாயம் கிடைத்ததும் இந்தப் பின்பக்கத்தில்தான். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறவை. வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பினால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும், வண்டி சுழன்றுவிடும். பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் அந்த ஆபத்து குறைகிறது. டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை ஒன்று கொடுத்து இறக்குவார்கள். 1972-ல் இங்கே கெஸல் என்று வந்த வண்டியில் இந்த ஊஞ்சலையே எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். ஆக, தாழ்த்துவதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வந்தால் பையன் என்னை மடக்கிவிடுவான். மடக்கவும் செய்தான்.

முன்பக்கத்துக்கு வெட்டாத ஸ்பிரிங் ஒரு ஜோடி வேண்டியிருந்தது. புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தான், ஷாக் அப்சர்வரும் சேர்த்து. மேஸ்திரி மாட்டி முடித்து மறுபடியும் ஜாக்கியில் தூக்கி, "இப்ப சுத்துங்க சார்" என்று என்னிடம் விட்டார். இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை.

பின்பக்கக் கட்டையை எடுக்க மாட்டேன் என்று பையன் பிடிவாதமாக நின்றான். அதனால் வண்டி இப்போது மூக்கை ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவனுக்கு அந்த அழகு பிடிக்கவில்லை, போட்டோ எடுப்பதென்றால் பக்கவாட்டில் எடுப்பதே இல்லை. என் தங்கைக்கு மூட்டு வலி. முன்னெல்லாம் அந்த சீட்டில் உட்கார என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். போன பௌர்ணமிக்குத் தானே ஏறி உட்கார்ந்து, "என்னண்ணே, வண்டி வளந்துடுச்சா?" என்று கேட்டாள்.