யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது

எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் வெள்ளாடு வளர்ப்பவர்கள் அவ்வப்போது கிடாவை மாற்றிவிடுவார்கள். பாகூர்ப் பக்கம் யாருக்காவது தங்கள் கிடாவைக் கொடுத்துவிட்டு அவருடையதை ஓட்டிவருவார்கள். தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டி தேறாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிரியல் பூங்கா ஒன்றில் சிங்கவால் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தபோது, பாதித் தொழில் கையில் இருப்பதாகவே நினைத்தேன்.

மூத்த கீப்பர் அண்ணன் முதலில் வம்சாவளிப் பதிவேட்டைத்தான் கொடுத்தார். ஒவ்வொரு குரங்குக்கும் ஓர் எண், தாய், தகப்பன், பிறந்த இடம். "ஒரு ஜோடியைப் பொறுக்கு" என்றார். திடமான ஆண் ஒன்றையும், அதற்கு உடன்பிறப்பல்லாத பெண்ணையும் காட்டினேன். அவர் விரல் இரண்டு தலைமுறை மேலே போய் ஒரே தாத்தாவிடம் நின்றது. "நிறையக் குட்டி போட்ட வம்சத்தை விடுப்பா. சொந்தக்காரங்க கம்மியா இருக்கிறதைத் தேடு." மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத இனம். அபூர்வமான ரத்தம் அற்றுப்போனால் திரும்ப வராது.

பதிவேடாவது பரவாயில்லை, பெட்டிதான் படுத்திவிட்டது. இடமாற்றத்துக்கான மரப்பெட்டியின் கதவைக் கயிற்றால் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே வாழைப்பழம் வைத்தேன். ஆண் குரங்கு கால்களை வெளியே ஊன்றிக்கொண்டு கையை மட்டும் நீட்டி எடுத்தது. பழத்தை உள்ளே தள்ளினால் உடம்பை நீட்டியது, பின்கால் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. ஒருநாள் முழுசாக நுழைந்தது. என் பிடியிலிருந்து கயிறு நழுவ, கதவு தடாலென்று விழுந்தது. அது அலறியதைக் கேட்டுப் பெண்களும் மிரண்டன. அதன்பின் வாரக்கணக்கில் ஒன்றும் பெட்டிப் பக்கம் தலைவைக்கவில்லை.

அண்ணன் திட்டவில்லை. கதவைக் கழற்றிவிட்டு, தினமும் தீனியை அங்கே வைத்துவிட்டு வந்துவிடச் சொன்னார். மாலையில் காலிப் பெட்டி ஒன்றில் எனக்குக் கயிற்றுப் பாடம். கனத்தை உள்ளங்கை தாங்க வேண்டும், விரல்கள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இறுக்கினால் கதவு நிற்கும், தளர்த்தினால் இடிக்கும். தோல் உரிந்து காய்த்த பிறகுதான் சத்தமில்லாமல் இறக்க வந்தது. கதவைத் திரும்ப மாட்டிய பின் ஒரு மதியம், இறங்கும் கதவை அந்த ஆண் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. அண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

2021இல் ஜெர்மனியிலிருந்து மைசூர் உயிரியல் பூங்காவுக்கு இரண்டு கொரில்லாக்கள் வந்திருப்பதாக அறிந்து, "ரெண்டும் ஆணாமேண்ணே, எதுக்கு?" என்று கேட்டேன். அதற்குமுன் அங்கே போலோ என்ற ஒற்றை ஆண், 2014இல் சாகும்வரை துணையின்றி இருந்தது. கொரில்லாக் குடும்பத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளிமுதுகு ஆணும் பல பெண்களும்தான். பிறப்பதோ ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. மிஞ்சும் ஆண்களுக்கு இடம் தேடுவதே இனப்பெருக்கத் திட்டத்தின் பெரும் தலைவலி என்றார் அண்ணன். குடும்பத்துக்குள் புது ஆண் வந்தால் பழைய தகப்பனின் குட்டியைக் கொன்றுவிடவும் கூடும். அங்கே வளர்ந்த மகளும் வேறு கூட்டத்துக்குப் போவாள். நம் சிங்கவாலில் மகள் தாயோடு தங்க, மகன் வெளியேறுவான். கிடா மாற்றும் கணக்கு இங்கே ஓரளவு ஒத்துவரும், கொரில்லாவுக்குப் போதாது.

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதியும் மருத்துவச் சான்றும் வந்த பிறகு, பெட்டிக்குப் பழகிய அந்த ஆண் குரங்கை ஏற்றி அனுப்பிய நாளில் கயிறு என் கையில்தான் இருந்தது. இப்போது அடுத்த ஜோடிக்குப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் சொன்ன பொருத்தங்களை அண்ணன் இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை.