உதிரி பியூரெட்



பேரன் புண்ணியத்தில் இந்த வயதில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவனுக்கு வேகம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதன் வரவு செலவுக் கணக்கு.

2021 முதல் ஒவ்வொரு அணிக்கும் செலவில் உச்சவரம்பு உண்டு. முதல் வருடம் 14.5 கோடி டாலர். 2023-ல் அடிப்படைத் தொகை 13.5 கோடி, விலைவாசிக்கும் கூடுதல் பந்தயங்களுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டுநர் சம்பளமும் எஞ்சின் செலவும் இதில் வராது. காரை மேம்படுத்துவது, உதிரி பாகம் செய்து வைப்பது, மோதி உடைந்ததைச் சரிசெய்வது எல்லாம் இதற்குள்தான். உடைந்த பாகத்துக்குப் போகும் பணம், அடுத்து வரவேண்டிய புதுப் பாகத்தின் பணம். மீறினால் விடமாட்டார்கள். 2021 கணக்கில் வரம்பைத் தாண்டிய ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதம். காற்றியக்கச் சோதனையிலும் 10 சதவீதம் வெட்டு.

2024 மார்ச், மெல்போர்ன். வில்லியம்ஸ் அணியின் ஆல்பன் முதல் பயிற்சியிலேயே மோதிவிட்டார். கார் தயாரிப்பு தாமதமானதால் அணியிடம் உதிரி சேஸி இல்லை. இன்னொரு ஓட்டுநர் சார்ஜென்ட்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு அணி எடுத்த 28 புள்ளியில் 27 ஆல்பனுடையது. கணக்குப்படி சரிதான். சார்ஜென்ட் எந்தத் தப்பும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஆல்பன் 11-வதாக வந்தார். புள்ளி 10-வது இடம் வரைக்கும்தான்.

"பாவம்ல தாத்தா?" என்றான் பேரன். எனக்குப் பதில் வரவில்லை.

1994-ல் நம் வேதியியல் ஆய்வகத்துக்கும் வருடத்துக்கு ஒரே ஒதுக்கீடுதான். அந்த வருடம் அதில் பெரும்பகுதியைப் போட்டுப் புதுத் தராசு வாங்கினேன். பெருமையாக இருந்தது. உதிரி பியூரெட் வாங்கப் பணம் மிஞ்சவில்லை. மாதிரி பிராக்டிகல் அன்று முதல் ரேங்க் மாணவனின் பியூரெட் உடைந்தது. பக்கத்து மேஜையில், தேறுவதே பெரும்பாடு என்று நான் நினைத்த ஒரு பையன். "நீ தள்ளி நின்னு பார்த்துக்கோடா" என்று அவனுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான்.

பந்தயத்தில் ஒரு காரை இரண்டு பேர் ஓட்ட முடியாது. ஒரு பியூரெட்டில் இரண்டு பேர் மாறி மாறி டைட்ரேஷன் செய்யலாம். அரை மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கும், அவ்வளவுதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. பணம் இல்லாதது என் தப்பில்லை. யார் ஒதுங்கி நிற்பது என்று முடிவு செய்தது நான்தான்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்குத் தெரியும். ஒரு நாள் வீட்டுக்கு வா. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்