வயசான பெட்டியும் டிசம்பர் கேமும்

கேம் கன்சோல் விக்கறவங்களுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் தீபாவளி சீசன். பெரிய கேமை எல்லாம் அதுக்குன்னே எடுத்து வைப்பாங்க. "நல்லதா ஒரு கேம் வந்தா போதும், பழைய பெட்டியும் பறக்கும்"னு ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை மக்களே. மீதி பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல உண்மையான பாதி. சூப்பர் நிண்டெண்டோ அமெரிக்காவுக்கு வந்தது 1991-ல். 1994 கடைசியில ஜப்பான்ல சேகா சாட்டர்ன், சோனி பிளேஸ்டேஷன் ரெண்டும் இறங்கியாச்சு. அந்த நவம்பர்லதான் 'டாங்கி காங் கன்ட்ரி' வந்துச்சு. இங்கிலாந்தோட ரேர் நிறுவனம், சிலிக்கான் கிராபிக்ஸ் மெஷின்ல முப்பரிமாணமா உருவாக்கின படங்களைச் சுருக்கி அந்தப் பழைய பெட்டிக்குள்ள அடைச்சுட்டாங்க. கேம் 90 லட்சத்துக்கு மேல வித்தது. சேகாவோட மல்லுக்கட்டிட்டு இருந்த பெட்டிக்குப் புது தெம்பு. காரணம் சிம்பிள்: அந்தப் பெட்டி இன்னும் நுழையாத வீடுகள் நிறைய இருந்துச்சு.

இப்ப ஸ்விட்ச் கதைக்கு வருவோம். வெளிவந்தது மார்ச் 2017. 2022 நவம்பர் 18-ல் போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் வந்து மூணே நாள்ல 1 கோடி வித்தது. பெட்டியும் பறந்திருக்கணுமே? இல்லீங்க. 2021 அக்டோபர்-டிசம்பர்ல சுமார் 1 கோடியே 7 லட்சம் வித்த ஸ்விட்ச், 2022-ல் அதே மூணு மாசத்துல 82 லட்சம்தான். 2021-ல் புது ஓலெட் மாடல் வந்தது, 2022-ல் சிப் பற்றாக்குறை இருந்ததுன்னு சொல்லலாம், சரிதான். ஆனா 2023-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' டிசம்பருக்குள்ள ஒரு கோடிக்கு மேல வித்தும் பெட்டி 69 லட்சம். 2024-ல் 48 லட்சம்.

2022 முடிவுலயே 12 கோடி ஸ்விட்ச்சுக்கு மேல வித்தாச்சு. வாங்கணும்னு நினைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க வாங்கிட்டாங்க. அதனால புது கேம் வந்தா, ஏற்கெனவே பெட்டி வச்சிருக்கறவங்கதான் கடைக்கு ஓடறாங்க. வயசான கன்சோல்ல டிசம்பர் கேம் பெட்டியை விக்கறதில்ல. பெட்டி சரியறதைக் கொஞ்சம் மெதுவாக்குது, அவ்வளவுதான். காசு கேம்ல இருந்துதான் வருது.

பொட்டி தட்டற எனக்கு உறுத்தற இடம் இனிமேதான். ஸ்கார்லெட், வயலட் திக்கித் திணறி ஓடுச்சு, பக் வேற. டிசம்பர் ஆரம்பத்துலயே நிண்டெண்டோ வருத்தம் தெரிவிச்சு அப்டேட் விட்டாங்க. உள்ள இருந்தது 2015-ல் அறிவிச்ச டெக்ரா எக்ஸ்1 வகை சிப், 4 ஜிபி மெமரி. போக்கிமான்ல கேம், கார்ட்டூன், கார்டு, பொம்மை எல்லாம் ஒண்ணா நகரணும். அங்க ரிலீஸ் தேதியைத் தள்ளறது லேசுப்பட்ட காரியமா! 2025 ஜூன்ல ஸ்விட்ச் 2 வந்தப்போ, இலவச அப்டேட் போட்டதும் அதே கேம் வழுக்கிட்டு ஓடுச்சு. அதாவது சரக்கு இருந்துச்சு. பெட்டிக்குத்தான் மூச்சு வாங்குச்சு.

வயசான பெட்டியோட கடைசி டிசம்பர்கள்ல லாபம் கம்பெனிக்கு. ஆனா மாறாத தேதிக்கும் மாறாத மெமரிக்கும் நடுவுல முழி பிதுங்கறது கோட் எழுதறவன். முழு விலை கொடுத்துத் திணறல் கேமை வாங்கறது, அந்தப் பெட்டியை இத்தனை வருஷம் விடாம வச்சிருந்த ஆளு. விற்பனைக் கணக்குல இவங்க ரெண்டு பேருக்கும் வரியே கிடையாது :(