ஓர் எழுத்துத் திருத்தம்

1983இல் நண்பர்கள் சேர்ந்து நடத்திய பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு நண்பனின் கவிதையில் 'நேற்றிரவு கதவு கண்டேன்' என்றிருந்தது. 'த'வை அடித்து 'ன' போட்டேன். கம்பாசிட்டர் தயங்கினார். "கையெழுத்துப் பிரதியிலும் 'த'தான் சார்." "கை தவறியிருப்பார்" என்றேன். பிரதி மேஜைமீதே கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. இதழ் 'கனவு' என்றே வெளிவந்தது. நண்பன் எதுவும் சொல்லவில்லை. பிறகும் நிறைய எழுதினான்; எங்களுக்குத் தரவில்லை.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1980இல், கலிபோர்னியாவின் ஸான் டியேகோவில் மார்ட்டா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் செய்த சோதனையைப் பற்றி வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். வாக்கியங்களைச் சொல் சொல்லாகக் காட்டி, வாசிப்பவரின் மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவவேண்டிய இடத்தில் காலுறை வந்தால், சுமார் 400 மில்லிசெகண்டில் ஓர் அலை எழுந்தது. அர்த்தம் சரியாயிருந்து, கடைசிச் சொல் மட்டும் பெரிய எழுத்தில் வந்தால் எழுந்தது வேறுவகை அலை. கண் திடுக்கிடுவது வேறு, அர்த்தம் திடுக்கிடுவது வேறு.

என்னைச் சுட்டது 1984இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அபத்தமே வேண்டியதில்லை. பொருந்துகிற சொல்லாயினும் எதிர்பாராததாக இருந்தால் அதே அலைதான். எதிர்பார்ப்பு குறையக் குறைய அலை பெரிதாகிறது. அப்படியானால் அந்த அலையை மட்டும் வைத்து இது பிழை, இது கவிதை என்று பிரிக்க முடியாது. அது ஒரு தகவல். தீர்ப்பு பிறகு வருவது. அந்தத் தீர்ப்பை நான் என் பழக்கத்திடம் விட்டுவிட்டேன். எத்தனையோ கவிதைகளில் இரவை அடுத்துக் கனவு வந்து பழகிய மனம் அது.

பழக்கமில்லாமல் வாசிக்கவும் முடியாது. அடுத்து வருவதை ஊகிக்காமல் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் நகராது. என் தவறு ஊகித்ததல்ல. ஊகம் பொய்த்த கணத்தில், பொய்த்தது என் ஊகம் என்று தோன்றாமல், எழுதியவன் கை என்று தோன்றியதுதான். அதிலும் கம்பாசிட்டர் எடுத்துச் சொன்ன பிறகு. புதிய கவிதைக்காகப் பத்திரிகை நடத்துவதாக வேறு சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்றும் புரூஃப் பார்க்கிறேன். உறுத்துகிற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு மூலப்பிரதியைப் புரட்டுகிறேன். அநேகமாக அது பிழையாகவே இருக்கிறது. என்றாலும் புரட்டுகிறேன்.