அப்ப நான் எங்க உக்காருவேன்?

தம்பி அறுத்துப் போட்ட இரும்பைப் பார்த்து அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஏலே, அப்ப நான் எங்க உக்காருவேன்?"

2018. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1986-இல் அவர் வாங்கிய புல்லட் 350, திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதை 'பாபர்' ஆக்கவேண்டும் என்று தம்பிக்கு ஆசை. ஒற்றை சீட், குட்டை மட்கார்டு, பின்னால் வெறும் சக்கரம். கிரைண்டரை வைத்து சேசிஸின் பின்வளையத்தை அறுத்தான். பின்சீட், கைப்பிடி, கால்மிதி, சேலை கார்டு எல்லாம் அதோடு போயின. அம்மா கேட்டதற்கு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அம்மா முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை பார்த்தவர். விடியும் முன்னே அவரை அங்கே இறக்கிவிட்டுத்தான் அப்பா துறைமுகத்துக்குத் திரும்புவார். ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் தூக்குவாளியோடு பத்தொன்பது வருடம் அம்மா அப்படிப் போனார். உப்புத்தண்ணீரில் வெடித்த பாதத்தை அவர் ஊன்றியது சேலை கார்டுக்கு அடியில் இருந்த தகட்டில்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, மோட்டார் சைக்கிள் தயாரிப்பவர்கள் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவற்றைப் பொருத்தியாகவேண்டும் என்கிறது. உடை சக்கரத்தில் சிக்கக்கூடாது என்பதற்காக. தம்பி அழகுக்காகக் கழற்றியது மொத்தமும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது. வண்டியைத் தனக்கே தனக்கென்று ஆக்கிக்கொள்ள, இன்னொருத்தி உட்காரும் இடத்தைத்தான் அவன் எடுத்திருக்கிறான்.

2021-இல் வண்டியின் பதிவு முடிந்தது. அதற்குள் தம்பி துபாய் போய்விட்டான். வண்டி கடல்காற்றில் துருவேறிக் கிடந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பின்பாகம் இல்லாத வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோக முடியாது. பழைய இரும்புக்குப் போடலாம், அல்லது சரிசெய்யலாம். நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

"வீட்ல ஆம்பிளை யாரும் இல்லையாம்மா?" என்றுதான் மெக்கானிக் அண்ணாச்சி முதலில் கேட்டார். "வண்டியப் பத்தி எங்கிட்டயே சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். சொன்னார். வேறொரு முழு சேசிஸ் வாங்கி மாற்றுவது சுலபம். ஆனால் சேசிஸ் எண் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கிறது. சேசிஸை மாற்றினால் சட்டப்படி அது வேறு வண்டி. ஆகவே உடைப்புக்குப் போன ஒரு புல்லட்டின் பின்பாகத்தை மட்டும் வாங்கி, எங்கள் சேசிஸோடு ஒட்டவேண்டும்.

பழைய புல்லட்டில் என்ஜினுக்கு அடியில் குழாய் கிடையாது. என்ஜினே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் என்ஜினைக் கழற்றாமலே, பேட்டரி இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, அறுபட்ட குழாய்க்குள் சின்னக் குழாய்த் துண்டைச் செருகிப் புள்ளி வெல்டிங் வைத்தார். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி நேர் பார்த்தோம். நரம்பின் ஒரு முனை என் கையில். இரண்டு தடவை கோணி, மூன்றாம் தடவை சரியானது.

'பழையபடி' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவளிடமும், வேலையை விடமாட்டேன் என்பவளிடமும் பழையபடி இரு என்றுதான் சொல்கிறார்கள். முன்னால் ஆண், பின்னால் ஒருபக்கமாகப் பெண் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டையா நான் காசு கொடுத்து மீட்கிறேன்? விதிக்காகப் பேருக்கு ஒரு சின்ன கார்டு போதும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அம்மா விடவில்லை. "நீ பேண்ட் போடுவ. நான் சேலைதான கட்டுவேன். என் கால எங்க வைக்க?"

யோசித்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் உருவாகி, இந்திய இராணுவத்தின் எல்லை ரோந்துக்காக வாங்கப்பட்டு, 1955-இல் மெட்ராஸில் காலூன்றிய வண்டி இது. சேலை கார்டு இந்த ஊர்ப் பெண்களுக்காகச் சேர்ந்தது. அதுவும் ஒரு திருத்தம்தான். அம்மா போன்றவர்கள் ஏறி உட்கார்ந்ததால் வந்த திருத்தம். தகடு வைத்த பழைய கார்டையே தேடி வாங்கினோம்.

அடுத்து, வண்டி யார் பெயரில்? வண்டி மகனுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெட்டியில் அப்பாவின் தவணை நோட்டைப் பார்த்தேன். பாதித் தவணைக்கு எதிரே 'உப்பளச் சம்பளம்' என்று அவரே எழுதியிருந்தார்.

எங்கள் கரையில் 1961-க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்: முங்குகிறவனின் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்தவேண்டும், கூடப்பிறந்தவள் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான். அந்தக் கதையில் முங்கினவன் உண்டு, கயிறு பிடித்தவன் உண்டு. இருவரையும் கட்டிவைத்த பெண்ணுக்குப் பெயர் கிடையாது. எங்கள் ஆர்.சி. புத்தகத்திலும் அப்படித்தான்.

வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31-ஐ அம்மா பெயரில் நிரப்பினேன். தம்பி வீடியோவில் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அனுப்புக்கா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே, எதுக்கு எம்பேர்ல?" என்றார் அம்மா.

"பாதித் தவணை நீதானம்மா கட்டுன."

சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது, துருவுக்கு அடியிலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தெளிந்து வந்தது. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓட்டம் முள்ளக்காட்டுக்கு. பிரேக் இடது காலில், கியர் வலது காலில். எனக்கு இன்னும் தடுமாறுகிறது. அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, தகட்டில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். துறைமுகச் சாலை தாண்டியதும் தோளை அழுத்தினார்.

"ஏட்டி, அந்த வளைவுல மெதுவாப் போ. உப்பு லாரி தண்ணி சிந்திக் கெடக்கும்."

வேகத்தைக் குறைத்தேன். வளைவில் சாலை ஈரமாகத்தான் இருந்தது.