பொறியுறையின் தாழ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தம் வீட்டுக் கொட்டிலிலேயே சிறு வானவூர்தி செய்து பறப்போர் பலர் உளர். 1953-ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பார் இத்தகையோர்க்கென மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் நிறுவினார். அவர்கள் இறக்கையைப் பற்றி உரையாடுதல் வியப்பன்று. பொறியை மூடும் உறையை எதனாற் பிணிப்பது என்பது பற்றியும் அவர்கள் நெடுநேரம் வழக்கிடுவர்.

அது வீண் வழக்கன்று. உறையானது காற்றை நெறிப்படுத்திப் பொறியைக் குளிர்விக்கின்றது. ஆயினும், பொறியை ஆராயுந்தோறும் அதனைக் கழற்றுதல் வேண்டும். வானில் அவிழாமை, தரையில் எளிதின் அவிழ்தல் என மாறுபட்ட இரு குணங்களை ஒரு சிறு தாழினிடம் எதிர்பார்க்கின்றனர்.

திருகாணி உறுதியானது, விலையும் குறைவு. ஆனால், ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் பூட்டப் பொறுமை வேண்டும். பொறுமையற்றவன் உறையைத் திறவாமலே பறந்துவிடுவான். உள்ளே எண்ணெய் கசிவதை அவன் எங்ஙனம் அறிவான்?

சிலர் மேலுறை, கீழுறை ஆகியவற்றின் விளிம்புகளில் நீண்ட கீல்களைப் பொருத்துவர். அவற்றின் கண்களை ஒன்றோடொன்று இணைத்து நெடுங்கம்பி ஒன்றைச் செலுத்துவர். ஆணித்தலை எதுவும் வெளியே தோன்றாது. அழகில் இதற்கு நிகரில்லை. எனினும், பொறியின் அதிர்வாற் கீலின் கண்கள் தேய்ந்து முறிவதுண்டு. கம்பியை நுழைப்பதும் எளிதன்று; ஊசியில் நூல் கோக்கத் திணறியவர் அத்துன்பத்தை அறிவர்.

உக்ரைனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய வில்லியம் ஸூஸ் என்பவர் 1930-களில் வேறொரு வழி கண்டார். அவர் அமைத்த தாழின் தண்டில் வளைந்த பள்ளம் ஒன்றுண்டு. மறுபுறத்தில் எஃகுக் கம்பிவில் ஒன்று நிற்கும். தலையைக் காற்சுற்றுத் திருப்பினாற் போதும். பள்ளம் கம்பியைப் பற்றி இழுத்துக்கொள்ளும். கம்பியின் விறைப்பே தாழைத் தளரவொட்டாது காக்கும். எடையும் விலையும் சற்று மிகும், அவ்வளவே குறை.

வலிமை ஒன்றையே கருதித் தாழைத் தேர்தல் சாலாது. பூட்டப்பட்டதா, இல்லையா என்பதை அது காண்பார்க்கு உணர்த்துதலும் வேண்டும். 2013-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், இலண்டன் ஹீத்ரோ நிலையத்திலிருந்து 80 பேருடன் ஒரு பெருவானவூர்தி எழுந்தது. எழும்போதே அதன் இரு பொறிகளின் உறைக்கதவுகளும் பெயர்ந்து வீழ்ந்தன. எரிநெய் கசிந்து, ஒரு பொறி தீப்பற்றியது. வானவூர்தி திரும்பி வந்து இறங்கியது. அனைவரும் உயிர் தப்பினர். முன்னாளிரவு பழுதுபார்த்தபின் தாழ்கள் பூட்டப்படாமலே விடப்பட்டிருந்தன. அவை பொறியின் அடிப்புறத்தில் இருந்தமையால், குனிந்து நோக்கினாலன்றிப் புலப்படா. புறப்படுமுன் சுற்றி வந்து நோக்கியவர் கண்ணிலும் அவை படவில்லை.

வீட்டில் வானவூர்தி கட்டுவோருட் சிலர், காற்சுற்றுத் தாழைப் பூட்டியபின், அதன் தலையில் உள்ள கீற்றுக்கு நேராக உறைமீது வண்ணக்கோடு ஒன்று தீட்டிவிடுகின்றனர். ஒரு தாழ் பூட்டப்படாதிருப்பினும் கீற்றுக் கோட்டினின்று விலகி நிற்கும். நின்றவாறே அதனைக் கண்டுகொள்ளலாம்.